துருப்பிடிக்காத கூண்டு

எலி என்றால் எனக்கு அப்போதும் அருவருப்பு, இப்போதும் அருவருப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறி அதைத் தூக்கிக் கொஞ்சினேன் என்று எழுதுவேன் என எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த வாலைப் பார்த்தாலே போதும், தொண்டையில் ஏதோ ஏறி வந்து நிற்கும். அப்படிப்பட்ட நான், இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் இரண்டு மாத காலம், இரண்டு எலிகளுக்குச் சரியான கூண்டு எது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மரக்காணத்தில் உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர். காற்றே இங்கே உப்புதான். இரும்பு எதை வாங்கி வைத்தாலும் நம் கண்ணெதிரே செதில் செதிலாக உதிரும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடைக்காற்று தொடங்கும்போது ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று, லாரி ஒர்க்‌ஷாப்பில் வேஸ்ட் ஆயிலை டின்னில் வாங்கி வந்து, கிழிந்த துணியால் வீட்டிலுள்ள எல்லா இரும்புக்கும் பூசுவோம். ஜன்னல் கம்பி, கேட்டு, அடிபம்பு, சைக்கிள், தையல் மிஷினின் கால், எதையும் விடுவதில்லை. ஆயில் பூசாத ஜன்னலைப் பார்த்தால் அந்த வீட்டுப் பெண் சோம்பேறி என்று தெருவே முடிவுகட்டிவிடும்.

வீட்டில் துரு அண்டாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு. கல்யாணத்தின்போது அம்மா கொடுத்தது. மூன்று அடுக்கு, பக்கவாட்டில் டம்ளர் மாட்டக் கொக்கிகள், ஓரத்தில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு ஸ்பூன் கூடை. சமையலறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். வாங்கி வந்த அன்று எப்படிப் பளபளத்ததோ அப்படியே பத்து வருஷம் கழித்தும் பளபளத்தது. வீட்டில் எனக்கென்று ஒரு பெருமை இருந்தது என்றால் அதுதான்.

என் வீட்டுக்காரர் அந்தப் பத்து வருஷமும் வளைகுடாவில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வருவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது, நான் புதிதாகப் பேச ஒன்றுமில்லை. தெருக்கோடியில் அவருடைய அக்கா, என் நாத்தனார் இருந்தார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்தேன், ஜன்னலுக்கு ஆயில் பூசினேன், தனியாகச் சாப்பிட்டேன்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கரையோரத்து எலிகளெல்லாம் வீடுகளுக்குள் ஏறிவிட்டன. அரிசிப் பானையில், தைக்க வந்த துணியில், தலையணை அடியில் என்று எங்கு பார்த்தாலும் எலி. எலிக்காய்ச்சல் வரும் என்று வேறு பயமுறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் நான் வேறு வேலை பார்க்கவில்லை. தகரப் பொறியில் விழுந்ததைப் பொறியோடு பக்கெட் தண்ணீரில் அமுக்குவேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நூறு எண்ணுவேன். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அதற்குத் தைரியம் வராது. பொறியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். இந்தத் தெருவில் எலி கொல்ல நான் என்று பெயராகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பிப்ரவரியில் அவர் வந்தார். கம்பெனி கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. சென்னையில் ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, புது விசாவுக்குக் காத்திருந்தார். எப்போது வேண்டுமானாலும் போன் வரும், வந்தால் கிளம்ப வேண்டியதுதான். அவருக்கென்று பீரோவில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தேன். அவர் அதைத் திறக்கவேயில்லை. ஹாலின் மூலையில் அந்தப் பெரிய சூட்கேஸ் நின்றது. காலையில் அதைத் திறந்து சட்டை எடுப்பார். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடியும் அதற்குள்ளேயே வைத்து மூடுவார். லாட்ஜில் தங்கியிருப்பவர் மாதிரி. தினமும் அந்த சூட்கேஸைச் சுற்றித்தான் கூட்டிப் பெருக்கினேன். இவர் இந்தத் தடவை போகக்கூடாது என்று எனக்கு இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். பத்து வருஷம் போனில் மட்டும் பேசியவர்களுக்கு நேரில் பேசுவது அவ்வளவு சுலபமில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது தானாகவே பேச ஆரம்பித்தார். நான் சந்தோஷமாகக் காதைக் கொடுத்தேன். அங்கே எட்டுப் பேர் தங்கிய அறையில் ஒரு எலி வருமாம். முதலில் அடிக்கப் பார்த்தார்களாம். பிறகு இவர் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் போட, பழகிவிட்டதாம். இரண்டு வருஷம் இவர் கட்டிலில் ஏறி, இவர் கையிலிருந்து வாங்கித் தின்றதாம். அதற்குப் பெயர் கூட வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை எழுத என் கை கூசுகிறது. எனக்கு அன்று அதற்குமேல் சோறு இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நான் இங்கே ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, இவர் அங்கே ஒரு எலியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

மார்ச்சில் பாண்டிக்குப் போனவர் ஒரு ஷூ பெட்டியோடு திரும்பினார். பெட்டியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருந்தது. அடிப்பக்கம் நனைந்து, அவர் பேன்ட்டும் நனைந்திருந்தது. வரும் வழியில் கீழ்புத்துப்பட்டில் பஸ் ஏறிய ஒரு அம்மா பெட்டியில் என்ன என்று கேட்டார்களாம், இவர் செருப்பு என்றாராம், அது அந்த நேரம் பார்த்துக் கீச்சென்றதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று இரண்டு எலிகள். சிவப்புக் கண். மயிரில்லாத ரோஸ் நிற வால், தோல் உரித்த மாதிரி. ஒன்று ஒல்லி, ஒன்று தடியன். மீனும் லவ் பேர்ட்ஸும் விற்கிற கடையில் வாங்கியிருக்கிறார்.

"ஏம்மா, பயப்படாத. இதுங்க கடிக்காது, சாதுவா இருக்கும்," என்றார்.

யாருக்குப் பயம்? எனக்கு வாந்தி வந்தது. கொல்லைப்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் சூட்கேஸைத் திறந்து, ஒரு நல்ல காட்டன் சட்டையை எடுத்துக் கிழித்து, எலிக்கு மெத்தை போட்டுக்கொண்டிருந்தார். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியை விட்டு வெளியே வந்து திரும்பப் போகாத முதல் துணி அது. அதனால்தான் சரி, இருந்து தொலையட்டும், ஆனால் கூண்டில் இருக்கட்டும் என்றேன்.

கூண்டு வாங்குவது அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைத்திருந்தேன். பஜாரில் போய்க் கேட்டால் கடைக்காரர் தகரப் பொறியை எடுத்து நீட்டினார். பிடிக்க இல்லை, வளர்க்க என்று இவர் சொன்னதும் கடையில் நின்ற நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான் கேட்ட மாதிரி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

முதலில் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கட்டினோம். இரண்டே நாளில் மூலையைக் கடித்துத் துப்பிவிட்டன. மரப்பெட்டி செய்யலாமா என்றேன். மரத்தில் மூத்திரம் ஊறிவிடும், நாற்றம் போகாது என்றார். மீன் தொட்டியில் விடலாமே என்றேன். கண்ணாடிக்குள் காற்று வராது, அதுங்க மூத்திரத்தின் நெடியே அதுங்க மூச்சைக் கெடுத்துவிடும் என்றார். இவருக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாண்டிக் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு வந்திருக்கிறார். கம்பிக்கூண்டுதான் நல்லது, ஆனால் இடைவெளியில் சுண்டுவிரல் நுழையக்கூடாது. தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். அடியில் கம்பி இருந்தால் கால் புண்ணாகும், தரை வழவழப்பாக இருக்க வேண்டும். அகலத்தைவிட உயரம் முக்கியம், ஏறி இறங்க வேண்டும். எங்கள் வீட்டைக் கட்டும்போது என் மாமனார்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிப் போய் லவ் பேர்ட்ஸ் கூண்டு ஒன்று வாங்கினோம். அவர் கம்பிக்கு நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பாதி நுழைந்தது. பரவாயில்லை, வளர்ந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டார். நாலாம் நாள் காலை கூண்டில் தடியன் மட்டும்தான் இருந்தது. ஒல்லியைக் காணோம். அதை அவர் கட்டிலடியில் தேடிக்கொண்டிருந்தார், நான் தொழப் போகலாம் என்று அலமாரியிலிருந்து வெள்ளை முக்காட்டை எடுத்து உதறினேன். உள்ளிருந்து அது விழுந்தது, என் கால் விரல் மேல். முக்காட்டின் நடுவில் வட்டமாகக் கடித்துப் பஞ்சாக்கி, கூடு கட்டி, அதில் மூத்திரம் பெய்து, கருப்பு அரிசி மாதிரி புழுக்கையும் போட்டு வைத்திருந்தது. நான் அலறியதில் நாத்தனார் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தார். அந்தத் துணியை மூன்று தடவை அலசினேன், மனசு கேட்காமல் நாலாவது தடவையும் அலசினேன். பிறகு எரித்துவிட்டேன். காலை எத்தனை தடவை கழுவினேன் என்று கணக்கில்லை. அன்றிலிருந்து அரிசியை மூன்று தடவை புடைத்த பிறகுதான் உலையில் போடுகிறேன்.

நாத்தனார் அன்று வாசலில் நின்றுகொண்டே நிறையச் சொன்னார். தொழுகிற வீட்டில் இது நஜீஸ், அசுத்தம் என்றார், ஊர் சிரிக்கிறது என்றார். இதையெல்லாம் நானும் நினைத்ததுதான். ஆனால் பிள்ளைக்குப் பதிலா எலியா என்று கேட்டாரே, அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் பக்கம் போகவேண்டிய நான் அந்த ஒரு வார்த்தையில் எலி பக்கம் போய்விட்டேன். கிரில் பட்டறையில் கொடுத்துப் புதிதாகக் கூண்டு செய்யப் போகிறோம் என்று நானே சொன்னேன். இவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

பட்டறைக்காரர் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். எலியைப் பிடிக்கத்தான் ஆர்டர் வரும் பாய், குடி வைக்க இப்போதுதான் வருகிறது என்றார். ஆனால் கூண்டை நன்றாகச் செய்துகொடுத்தார். என் இடுப்பு உயரம், இரண்டு தளம், நடுவில் ஏணி, அடியில் வழவழவென்று தகரத்தட்டு, இழுத்தால் வெளியே வரும். சுண்டுவிரல் எங்கேயும் நுழையவில்லை. கம்பிக்குப் பெயின்ட் வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஒன்றைக் கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் முழுக்க அவர் வீட்டிலேயே இருந்தார். காலையில் தகரத்தட்டை இழுத்துக் கழுவுவார். எலியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். அது அவர் காதை மோந்து, மீசையை நக்கி, வாய்க்குள் மூக்கை விட்டுப் பல்லை நக்கும். அவர் வாயைத் திறந்து காட்டுவார். அதைப் பார்த்த நாளில் நான் தனித் தட்டில் சாப்பிட்டேன், அவர் டம்ளரை வேறு கொக்கியில் மாட்டினேன். கையைக் கழுவிட்டு வாங்க, வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க. அந்த மாதம் நான் அவரிடம் அதிகம் பேசியது இந்த இரண்டு வாக்கியங்களைத்தான். ஆனால் அவர் சிரித்தார். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஸ்டூல் செய்தார், சுவரில் ஆணி அடித்தார். விட்டுப் போகிறவர் சுவரில் ஆணி அடிப்பாரா என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சூட்கேஸ் மட்டும் அதே மூலையில் நின்றது.

கூண்டில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. உப்புக்காற்றும் எலி மூத்திரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும்? வெல்டிங் வைத்த இடமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பொருக்கு விட்டது. அதுங்க வெள்ளை மயிரிலும் துருக்கறை. பார்க்கச் சகிக்கவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் கம்பி இற்றுவிடும், மறுபடியும் என் அலமாரிக்குள் வரும் என்று எனக்குக் கிலி.

மே மாதத் தொடக்கத்தில் ஏஜெண்ட் போன் செய்தார். விசா வந்துவிட்டது, வந்து கையெழுத்துப் போட வேண்டும். இவர் ஒரு சின்னப் பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார், மூன்று நாளில் வருவதாக. வாசலில் நின்று, அதுங்களுக்குத் தண்ணி மட்டும் மாத்திடறியா என்று கேட்டார். சரி என்றேன். போகாதீங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கையைக் கழுவிட்டுப் போங்க என்றுதான் வெளியே வந்தது.

அன்று எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்படி இருக்கும்போது வீட்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வது என் வழக்கம். கோடைக்காற்றும் தொடங்கியிருந்தது. வேஸ்ட் ஆயில் டின்னை எடுத்தேன். ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் பூசினேன், கேட்டுக்குப் பூசினேன், அடிபம்பு, சைக்கிள், மிஷின் கால் எல்லாம் முடித்தேன். துணியில் இன்னும் ஆயில் இருந்தது. கூண்டைப் பார்த்தேன். அவர் திரும்பி வரும்போது துருவில்லாமல் கருகருவென்று இருந்தால் சந்தோஷப்படுவார், நான் தொட்டேன் என்று தெரிந்தால் இன்னும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக, உள்ளேயும் வெளியேயும் தாராளமாகப் பூசினேன். அதுங்க என் விரலை மோந்து பார்க்க வந்தன. சீ போ என்று விரட்டிக்கொண்டே பூசினேன். வந்த நாளிலிருந்து அந்தக் கூண்டை நானாக விரும்பித் தொட்டது அன்றுதான்.

எலி நாள் முழுக்கக் கம்பியில் ஏறும், பிறகு உட்கார்ந்து கையை நக்கும், நக்கிய கையால் உடம்பெல்லாம் துடைக்கும், மறுபடி நக்கும். இதை ஒரு மாதமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தவள் நான். பூசும்போது அது என் புத்திக்கு எட்டவில்லை. இரும்பைப் பார்த்தால் ஆயில் பூசு, எங்கள் ஊரில் கைக்கு அவ்வளவுதான் தெரியும். சாயங்காலத்துக்குள் இரண்டும் கரி அடுப்பிலிருந்து வந்த மாதிரி இருந்தன. மறுநாள் ஒல்லி சுருண்டு படுத்துவிட்டது. வாயோரம் கருப்பாக நுரை. அதற்கடுத்த நாள் காலையில் விறைத்துக் கிடந்தது. தடியன் மூலையில் மயிர் ஒட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனார் எட்டிப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததேயில்லை. நல்ல வேலை செய்தாய், இவ்வளவு நாள் எப்படிப் பொறுத்தாய் என்றுதான் பார்த்தேன் என்றார். நான் கொல்லவில்லை என்றேன். என்கிட்ட எதுக்கு மறைக்கறே என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுப் பெண் சுவரின் அந்தப்பக்கமிருந்து, ஒன்று முடிந்துவிட்டதாமே, இன்னொன்று எப்போது என்று கேட்டாள். எனக்கு இத்தனை பாராட்டு வாழ்க்கையில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. அழுகையாக வந்தது.

மதியம் இவர் சென்னையிலிருந்து வந்தார். சட்டைப்பையில் பாஸ்போர்ட்டின் ஓரம் தெரிந்தது. ஆக, கையெழுத்தாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் நேராகக் கூண்டுக்குப் போனார். பேப்பரில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தார். கொல்லையில் சவுக்கு மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அதற்குள் நாத்தனார் கொல்லைக்கே போய், நான் சொல்ல வேண்டியதைத் தன் பாணியில் அவரிடம் சொல்லி முடித்திருந்தார். நாத்தனார் போனபிறகு இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வேணாம்னா சொல்லியிருக்கலாம். நான் எடுத்துட்டுப் போயிருப்பேன்."

"எனக்கு அதுங்கள பாத்தாலே கொமட்டுது," என்றேன். "அது உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனா நான் கொல்லல. துரு ஏறுதேன்னு பூசினேன்."

அவர் நம்பவில்லை என்று தோன்றியது. ஏன் நம்ப வேண்டும்? நூறு எண்ணி எலியை அமுக்கியவள்தானே நான். அவர் இடத்தில் இருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். புதைத்த மண்ணைக் கழுவ அவர் அடிபம்புக்குப் போனார். தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்கும் என்று பார்த்தேன், கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கருப்பாக ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தார். பிறகு சைக்கிளைத் தொட்டார், கேட்டைத் தொட்டார். ஜன்னலுக்கு வந்து கம்பிகளை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை எண்ணுகிற மாதிரி தொட்டுக்கொண்டே வந்தார். உள்ளே வந்து பத்து விரலையும் விரித்து என் முன்னால் நீட்டினார்.

"எல்லாத்துக்கும் பூசினியா?"

"வருஷா வருஷம் பூசறேன். பத்து வருஷமா நான்தான் பூசறேன். நீங்க பாத்ததில்ல."

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. ஆனால் குரல் உடைந்துவிட்டது. அவர் விரித்த கையை மடக்காமல் அப்படியே நின்றார். துடைக்க நான் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டே பெயின்ட் வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பதைச் சொன்னார். கம்பியைக் கடிக்கும், நக்கும், உள்ளே போகும், அதனால்தானாம். உன்கிட்ட சொல்லியிருக்கணும் என்றார். கேட்டிருக்கணும் என்றேன்.

தடியன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆயிலை எடுக்காவிட்டால் அதுவும் நக்கி நக்கிச் செத்துவிடும். சோப்பு கண்ணில் படும் என்று அவர் தயங்கினார். எண்ணெய் எடுக்கக் கடலை மாவுதான் என்று எனக்குத் தெரியும். அவர் பிடித்துக்கொள்ள, நான் மாவைத் தேய்த்தேன். கையுறை ஏது? வெறும் கைதான். தோலுக்குக் கீழே எலும்பு நகர்வது விரலில் தெரிந்தது. வால் என் மணிக்கட்டில் சுற்றியது. நான் பக்கவாட்டில் திரும்பி இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தேன். மூன்றாவது மாவுக்கு வெள்ளை தெரிந்தது. இதில் பாசம், கீசம் ஒன்றும் கிடையாது. இன்னொன்றும் செத்து, இந்தத் தெரு இன்னொரு தடவை என்னைப் பாராட்டுவதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, இனி எங்கே வைப்பது என்று கேட்டார். கூண்டை எத்தனை கழுவினாலும் அந்த ஆயில் போகாது. லவ் பேர்ட்ஸ் கூண்டும் இரும்பு, ஏற்கனவே பாதி இற்றுவிட்டது. பிளாஸ்டிக்கைக் கடிக்கும், மரம் நாறும், கண்ணாடிக்குள் மூச்சு முட்டும். ஊரில் துருப்பிடிக்காத கூண்டு ஒன்று இருந்தால்தானே? நான் சமையலறைக்குள் போனேன். சுவரில் அது பளபளத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா நினைவு வந்தது. அம்மா இதைப் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினேன், டம்ளர்களைக் கழற்றினேன், ஸ்டாண்டைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

அவர் வேண்டாம் என்றார். உன் அம்மா கொடுத்தது என்றார். அது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் அதை ஹாலுக்குத் தூக்கி வந்து, சிமெண்ட் மேடையில், திறந்த பக்கம் சுவரோடு ஒட்டுகிற மாதிரி திருப்பி வைத்தேன். தரை சிமெண்ட், வழவழப்புதான். மூன்று அடுக்கு, ஏறி இறங்கலாம். ஸ்பூன் கூடையைக் கழற்றினால் கதவு, மாட்டினால் பூட்டு. இடைவெளியில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாக நுழைந்தது. செத்துப்போன ஒல்லி என்றால் அப்போதே வெளியே வந்திருக்கும். தடியனுக்கும் எதற்கு வம்பு என்று, பாத்திரக்கடையிலிருந்து எவர்சில்வர் கம்பி வாங்கி வந்து அவர் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார். சாயங்காலம் அது உள்ளே போய், நான் பத்து வருஷம் டம்ளர் மாட்டிய இடத்தில் உட்கார்ந்து முகம் துடைத்தது. முதல் வேலையாக என் அம்மாவின் ஸ்டாண்டில் மூத்திரம் பெய்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சமையலறைத் தரையில் தட்டு, கிண்ணம், டம்ளர் எல்லாம் பரப்பிக் கிடந்தன. எறும்பு வரும், இதையெல்லாம் எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எங்கேயோ வைக்கிறேன், உங்களுக்கு என்ன, நீங்கதான் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டீங்களே என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார்.

"போடல. யோசிச்சு சொல்றேன்னு வாங்கிட்டு வந்தேன்," என்றார்.

யோசித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. அவர் ஹாலுக்குப் போனார். சூட்கேஸின் இரண்டு பூட்டும் திறக்கிற சத்தம் கேட்டது. பீரோ கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்தபோது காலி சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். சமையலறைத் தரையில் அதை மல்லாத்தி வைத்து, பாஸ்போர்ட்டை அடியில் போட்டார். அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் அடுக்கத் தொடங்கினார்.

"கையைக் கழுவிட்டு வந்து தொடுங்க," என்றேன்.

அவர் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார்.